தப்பட்டை கேட்ட காதுக்கு உலக இசை

மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டபின் ராத்திரி ராத்திரி தப்பட்டையும் துடும்பும் கேட்டு வளர்ந்த காது வெறுங்காது இல்லை. அடி எங்கே விழும், எங்கே திரும்பும் என்பது அதற்குத் தெரியும். வேறு நாட்டு இசைக்குள் நுழைய அந்தப் பழக்கம் போதும். பலர் சறுக்குவது வேறு இடத்தில். செயலியில் ‘உலக இசை’ என்று தேடி, வருகிற ஐம்பது பாட்டையும் அரை நிமிஷம் கேட்டுத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிக் கேட்டால் எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் இருக்கும். ஒரு மாதத்துக்கு ஒரு இசைவகை, அதில் மூன்றே ஒலிப்பதிவு, ஒவ்வொன்றையும் மூன்று முறை முழுசாகக் கேளுங்கள். அதுதான் அளவு.

போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். உலோக வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் ஜாவாவின் கமெலான் குழுவில் சுற்று முடிகிற இடத்தைக் காட்டுவது ஒரு பெரிய சேகண்டி. அதன் அடிநாதம் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. எங்கே முடிகிறது என்று தெரியாமல் காது அலையும். சில நூறு ரூபாய்க்கு வாங்குகிற வயர் ஹெட்போனே போதும். பேஸ் பூஸ்ட், ஆட்டோபிளே இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

தாளத்திலிருந்து தொடங்குவது சுலபம். க்யூபாவின் ‘சோன்’ இசைக்கு முதுகெலும்பு கிளாவே என்ற ஐந்து தட்டு. கோலாட்டக் கழி மாதிரி இரண்டு கட்டைக் குச்சியில் தட்டுவார்கள். பதினாறு எண்ணிக்கையில் 1, 4, 7, 11, 13 ஆகிய இடங்களில் தட்டு விழும். எண்ணால் பிடிப்பது கஷ்டம், சொல்லால் பிடியுங்கள்:

தகிட தகிட தகதிமி தக தகதிமி

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் தட்ட வேண்டும். எல்லா எழுத்தும் ஒரே அளவில் ஓட வேண்டும். ‘தக’ குட்டிச் சொல் என்பதால் அங்கே கை அவசரப்படும். அடுத்த தகதிமி கால் எழுத்து முன்னாலேயே விழுந்து சுற்று கெட்டுவிடும். வேகத்தைப் பாதியாக்கி, ஐந்து நிமிஷம் தடுமாறாமல் வந்த பிறகே பாட்டைப் போடுங்கள். சில பாட்டில் பின்பாதி முன்னால் வரும். உங்கள் தட்டு பாட்டை எதிர்த்துக்கொண்டு நிற்பதே அதற்கு அடையாளம். அப்போது மூன்றாம் சொல்லின் ‘தி’யிலிருந்து, அதாவது ஒன்பதாம் எண்ணிலிருந்து சுற்றைத் தொடங்குங்கள், உட்கார்ந்துவிடும்.

இதே வழியில் ஸ்பெயினின் ஃபிளமெங்கோவில் புலேரியா, சோலேயா போன்ற வகைகள்: தகிட தகிட தக தக தக, மொத்தம் பன்னிரண்டு. புலேரியாவில் பன்னிரண்டையே முதல் எண்ணாக வைத்து எண்ணுவார்கள், அது குழப்பினால் விட்டுவிடுங்கள். புலேரியா மிக வேகம். மெதுவாகப் போகிற சோலேயாவில் பிடித்துக்கொண்டு பிறகு அதற்குப் போங்கள். பல்கேரியாவின் ரச்செனிட்சா நடனத் தாளம் ஏழு: தக தக தகிட. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளம் கேட்டவர்களுக்கு இது பக்கத்து வீடு.

சுரத்தில் மோகன ராகம் நல்ல வாசல். ச ரி க ப த என்ற அதே ஐந்து சுரம் சீனத்திலும், ஸ்காட்லாந்துப் பாட்டுகளிலும், எத்தியோப்பியாவின் திசித்தா வகையிலும் உண்டு. ஆனால் மோகனம் பழகிய காது ஜாவாவின் ஐந்து சுர ஸ்லெந்த்ரோ வரிசையைக் கேட்டால் ‘சுருதி சேரலையே’ என்று சொல்லும். அங்கே ஐந்து இடைவெளியும் ஏறக்குறைய சமம், நம் காந்தாரத்தை அதில் தேடக்கூடாது. பாலியில் ஜோடி வாத்தியங்களை வேண்டுமென்றே இம்மி வித்தியாசத்தில் சுருதி கூட்டுவார்கள், அந்த உரசலில் நாதம் அலைபோல் துடிக்கும். அரபு இசையில் மகாம் என்பது நம் ராகம் மாதிரி; ராஸ்த் மகாமில் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். ஒரு வாரம் கேட்டால் அந்தச் சுரம் பழகிவிடும், அதற்குள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜிம்பாப்வேயின் ம்பிரா என்ற வாத்தியத்தில் கேட்கிற கரகரப்பும் ஸ்பீக்கர் கோளாறு இல்லை. பாட்டில் மூடியோ சிப்பியோ கட்டி அதை வரவழைக்கிறார்கள். தம்புராவில் ஜீவாளி நூல் வைக்கிற மாதிரி.

உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடுவதைக் கேட்டவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் கதைப்பாடகர்களிடம் போகலாம். இருபத்தொரு நரம்புள்ள கோராவை மீட்டியபடி பரம்பரை பரம்பரையாக அரசர் கதை பாடுகிறவர்கள். கதைச்சுருக்கத்தை முதலில் படித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் நிமிஷம் சலிப்புத் தட்டும். 1965இல் காங்கேயம் பக்கத்தில் அண்ணன்மார் கதையை ஒலிநாடாவில் பதிந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக்குக்கு நம் உடுக்கையும் அந்நிய ஒலிதான். ராத்திரிக் கணக்கில் கூட உட்கார்ந்தார்.

நல்ல பதிவுகளுக்கு ஃபோக்வேஸ் தொகுப்புகளைத் தேடுங்கள். 1948இல் தொடங்கிய நிறுவனம், 1987 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் வசம் இருக்கிறது. தொகுப்போடு வரும் விளக்கக் குறிப்பை அதன் தளத்தில் இலவசமாக இறக்கலாம். முதல் முறை குறிப்பில்லாமல், இரண்டாம் முறை குறிப்போடு கேளுங்கள். பிடித்த பதிவில் வாசித்தவர் பெயரை எழுதிவைத்து, அவர் வேறு யாரோடு வாசித்தார் என்று தேடுங்கள். செயலி தானாகத் தருவதைவிட இந்த வழி ஆழமாகப் போகும்.

திருப்பூர்க்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதுகூட இல்லை. பனியன் கம்பெனியில் ஒடிசா, பீகார், அசாம் ஆட்கள் பக்கத்து மிஷினில் இருக்கிறார்கள். ‘பிடித்த பாட்டு எது’ என்று கேட்டால் சினிமாப் பாட்டுத்தான் வரும். ‘உங்க ஊர்க் கல்யாணத்துக்கு என்ன மேளம்?’ என்று கேளுங்கள். சம்பல்பூர்க்காரர் என்றால் தோல், நிசான், தாசா என்ற மேளங்களும் முகுரி என்ற ஊதுகுழலும் சேர்ந்த துல்துலி என்பார். முகுரி நம் நாதஸ்வரத்தின் சொந்தக்காரி. அந்தப் பெயரை அவர்கள் எழுத்திலேயே உங்கள் போனில் அடித்துத் தரச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் தேடினால் கிடைக்காத ஊர்ப் பதிவுகள் அதில் கிடைக்கும்.

கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்குப் பாலக்காடு கைக்கெட்டும் தூரம். வேலா, பூரம் என்ற கோயில் திருவிழாக் காலத்தில், செண்டைக் குழு வாசிக்கும் பஞ்சாரி மேளம் எங்கே என்று விசாரித்துப் போங்கள். ஐந்து காலம்: ஒரு சுற்றுக்கு முதலில் 96 எண்ணிக்கை, பிறகு 48, 24, 12, கடைசியில் 6. முதல் காலம் மிக மெதுவாக நகரும், ‘ஒன்னும் நடக்கலியே’ என்று டீக்கடைக்கு நழுவுகிறவர்கள் இந்த இடத்தில்தான் நழுவுவார்கள். செண்டைக்காரரைப் பார்க்காமல், பின்வரிசையில் இலைத்தாளம் தட்டுகிறவர் கையைப் பாருங்கள். எண்ணிக்கை அங்கே இருக்கிறது. காதோரமாக நிற்காமல் பத்தடி தள்ளி நின்று, சுற்று ஆறுக்குச் சுருங்கும் வரை இருங்கள்.