ஞானப்பல்லைக் கடைவாயில் நடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட்களிலிருந்து வரும் 18, 19 வயதுப் பிள்ளைகள் பலருக்கு முதல் கடைவாய்ப்பல் வேர்வரை சொத்தையாகியிருக்கும். 6 வயதில் முளைக்கும் நிரந்தரப் பல் அது. விழுந்து முளைக்கும் என்று நினைத்து வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளாண்ட் வைக்கத் தாடை வளர்ச்சி முடிந்திருக்க வேண்டும், பணமும் வேண்டும். சொத்தைப் பல்லை எடுத்துவிட்டு, அவர்களுடைய ஞானப்பல்லையே அந்தக் குழியில் நடுவது அருமையான வழி. ஆனால் புதிதாகத் தொடங்கும் பல் மருத்துவர்கள் சில இடங்களில் இடறுகிறார்கள்.

குழி தயாராகும் முன்பே ஞானப்பல்லைப் பிடுங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வேரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு உயிரோடு இருந்தால்தான் நட்ட பல் நிலைக்கும். வெளியே உலர்ந்தால் அதன் செல்கள் நிமிடங்களில் சாகத் தொடங்கும். 15 நிமிடத்துக்குள் பல் குழிக்குள் போய்விட வேண்டும்.

ஓர் இளம் மருத்துவர் ஒரு பெண்ணின் ஞானப்பல்லை எடுத்துப் பஞ்சுத் துணியில் வைத்துவிட்டு, அப்புறம்தான் குழியைக் குடையத் தொடங்கினார். வைத்துப் பார்த்தார், இறுக்கம். எடுத்தார், குடைந்தார், மறுபடி வைத்தார். ஒவ்வொரு முறையும் சவ்வு உரிந்தது. சில மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா, “பல்லு கொஞ்சம்கூட ஆடலையே டாக்டர், நல்லாத்தானே இருக்கு?” என்றார். துளியும் ஆடாததுதான் கெட்ட அறிகுறி; சவ்வு செத்து, வேர் எலும்போடு ஒட்டிவிட்டது. தட்டினால் உலோகச் சத்தம் கேட்டது; எக்ஸ்ரேயில் எலும்பு வேரைத் தின்றுகொண்டிருந்தது.

பல்லையும் தாடையையும் முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் எடுத்து, ஞானப்பல்லின் நகலை முப்பரிமாண அச்சில் செய்து, கிருமி நீக்கி, அதை வைத்துக் குழியைச் சரிபாருங்கள். ஸ்கேனுக்காகக் கோவைக்கு மலை இறங்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நகலுக்கு வழியில்லை என்றால், ஞானப்பல்லைத் தளர்த்தி அதன் குழியிலேயே விட்டுவையுங்கள். அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

வேரைத் தொடுவது

தலைப்பகுதியை மட்டும் பிடியுங்கள்.

இறுக்கிக் கட்டுவது

தையல் நூலோ வளையும் மெல்லிய கம்பியோ போதும், சுமார் 2 வாரம். அசையவே விடாமல் கட்டினால் வேர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.

எதிர்ப்பல்லில் இடிக்க விடுவது

கடிக்கும் மட்டத்துக்கு எட்டாமல் சற்றுத் தாழ்வாக வையுங்கள்.

வேர் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது

வேர்நுனி திறந்திருந்தால் ரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்புண்டு, காத்திருந்து கவனிக்கலாம். மூடியிருந்தால் 2 வாரத்துக்குள் வேர் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். வலி இல்லை என்றால் கொழுந்து பறிப்பை விட்டு யாரும் கிளினிக் வர மாட்டார்கள். நடுகிற அன்றே அடுத்த தேதியைச் சொல்லி, அதற்கு முந்தின நாள் போன் பண்ணிக் கூப்பிடுங்கள்.