புது கிராபிக்ஸ் கார்டு போட்டதும் சத்தம் வரவில்லையா?

போன மாதம் அக்கா மகனுடைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டு மாட்டினோம். படம் பளிச்சென்று வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அருகில் இருந்த ஒரு கடையில் கேட்டதற்கு, மதர்போர்டில் ஆடியோ போய்விட்டது, தனியாக சவுண்ட் கார்டு வாங்குங்கள் என்றார்கள். பையன் முகம் வாடிவிட்டது. ஆனால் எதுவும் பழுதாகவில்லை; சத்தம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதனால் செலவு செய்வதற்கு முன்னால் கீழே உள்ளவற்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் காரணம். பழைய விஜிஏ கேபிளில் படம் மட்டும்தான் போகும். ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில் படமும் ஒலியும் சேர்ந்தே போகும். அதற்காக கிராபிக்ஸ் கார்டிலேயே ஓர் ஆடியோ பகுதி இருக்கிறது. அதன் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, நிறுவியதும், பல நேரங்களில் விண்டோஸ் அதையே ஒலி போகவேண்டிய இடமாக எடுத்துக்கொள்ளும். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் நமக்கு எதுவும் கேட்காது.

1. கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். கார்டு மாட்டும்போது எல்லா வயரையும் கழற்றியிருப்போம். ஸ்பீக்கர் வயர் மதர்போர்டில் உள்ள இளம்பச்சைத் துளையில் இருக்கவேண்டும். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து ஒலி உள்ளே வருவதற்கு. இருட்டில் கையால் தடவிச் செருகினால் நீலத்தில் போய்விடும். டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

2. திரையின் வலது கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைக் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் வால்யூம் கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள சின்னத்தை அழுத்தினால் ஒலிக் கருவிகளின் பட்டியல் வரும். என்விடியா, ஏஎம்டி அல்லது மானிட்டரின் பெயர் தேர்வாகி இருந்தால், அதை விட்டு ரியல்டெக் (பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப்பின் பெயர்) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எங்களுக்கு இந்த ஒரு கிளிக்கிலேயே பாட்டு வந்துவிட்டது.

3. இன்னும் வரவில்லையா? ஏதாவது பாட்டை ஓடவிட்டு, செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், கடைசியில் இருக்கும் மோர் சவுண்ட் செட்டிங்ஸைத் திறங்கள். பிளேபேக் பட்டியலில் எந்தக் கருவிக்குப் பக்கத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றனவோ, ஒலி அங்கேதான் போகிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஊகிக்கத் தேவையில்லை, கண்ணாலேயே பார்த்துவிடலாம். ரியல்டெக் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து செட் டிஃபால்ட் கொடுங்கள். மானிட்டர் வழியாக ஒலி தேவையே இல்லையென்றால், அதன்மேல் ரைட் கிளிக் செய்து டிஸேபிள் கொடுத்துவிடலாம்.

4. ஸ்பீக்கர் பாடுகிறது, முன்பக்க ஹெட்போனில் மட்டும் சத்தம் இல்லை என்றால், உள்ளே ஒரு வயர் கழன்றிருக்கும். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறங்கள். பெரும்பாலான போர்டுகளில் பின்பக்க ஓரமாக, போர்டின் அடிப்பகுதியில், ஆடியோ என்று எழுதிய ஒன்பது பின்கள் இருக்கும். கார்டை அழுத்தும்போது கை பட்டு அந்த வயர் எளிதாக வெளியே வந்துவிடும். பக்கத்திலேயே யுஎஸ்பி பின்களும் ஒன்பதுதான் இருக்கும், கவனம். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. யுஎஸ்பியில் பின் இல்லாத இடம் மூலையில் இருக்கும், ஆடியோவில் மூலைக்கு முந்தைய இடத்தில் இருக்கும். கனெக்டரில் அடைபட்ட துளை அந்தக் காலி இடத்துக்கு நேராக வரவேண்டும். நேராக வைத்தால் தானாக இறங்கும், முரட்டுத்தனமாக அழுத்தாதீர்கள், பின் வளைந்துவிடும்.

5. பட்டியலில் ரியல்டெக்கே இல்லையென்றால், விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் அடையாளத்துடன் ஏதாவது இருந்தால் டிரைவர் சரியில்லை. மதர்போர்டையே மாற்றியவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். போர்டின் மாடல் பெயரைப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து முதலில் சிப்செட் டிரைவர், அப்புறம் ஆடியோ டிரைவர் என்று நிறுவுங்கள். கண்ட கண்ட டிரைவர் தளங்கள் பக்கம் போகவேண்டாம். மஞ்சள் அடையாளமும் இல்லை, பெயரும் இல்லை என்றால், கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ்) போய், ஹெச்டி ஆடியோ என்பது எனேபிள்டு என்று இருக்கிறதா பாருங்கள்.

ரீஸ்டார்ட் ஆனதும், பிளேபேக் பட்டியலில் ரியல்டெக்கைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர் போய் டெஸ்ட் கொடுங்கள். இடது, வலது என்று மாறி மாறிக் கேட்டால் இனி கேபினட் மூடியை மாட்டிவிடலாம்.