வீட்டுக் கம்ப்யூட்டரில் உளவு மென்பொருள்: எப்படி நுழைகிறது, எதை வைத்துத் தடுப்பது

மேற்கு மாம்பலம், அசோக் நகர், கே.கே.நகர் பக்கம் வீடு வீடாகப் போய் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஏதோ வைரஸ் போல இருக்கு" என்றுதான் போன் வரும். ஸ்லோவாக இருந்தால் நாம் கவனிக்கிறோம், கூப்பிட்டுக் காட்டுகிறோம். நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டே, ஒரு தொந்தரவும் தராமல், நெட்பேங்கிங் பாஸ்வேர்டை யாருக்கோ அனுப்பிவிடும் மென்பொருளுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன்.

உளவு மென்பொருள் என்றதும் பலருக்கு 2021-இல் செய்திகளில் அடிபட்ட பெகாசஸ் ஞாபகம் வரும். அது இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனம் அரசுகளுக்கு விற்கும் சரக்கு. குறி வைத்த ஆட்களின் செல்போனுக்குள் நுழைவது. உங்கள் ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு வருவது வேறு ரகம். அதில் மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, பிரௌசரைப் பிடித்துக்கொள்வது. தேடும் பக்கம் தானாக மாறும், எங்கு போனாலும் விளம்பரம் குதிக்கும், நீங்கள் பார்க்கும் தளங்களின் பட்டியல் வெளியே போகும். இரண்டாவது கீலாகர். தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும். பேங்க் தளத்தில் திரையில் வரும் கீபோர்டை மவுஸால் அழுத்தினால் தப்பிக்கலாம் என்று நிறைய பேர் நம்புகிறார்கள்; இந்த ரகத்தில் பல, திரையையும் படம் பிடிக்கும்.

மூன்றாவதுதான் இன்றைக்கு மோசமானது. இன்ஃபோஸ்டீலர் என்பார்கள். பிரௌசரில் 'சேவ்' கொடுத்து வைத்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதற்கு அடையாளமான குக்கிகளையும் சில நிமிடங்களில் அள்ளிக்கொண்டு போய்விடும். குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்கள் ஜிமெயிலுக்குள் திருடன் உங்களைப் போலவே நுழையலாம். சில வகைகள் வேலை முடிந்ததும் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பிறகு ஸ்கேன் செய்தால் 'ஒன்றும் இல்லை' என்று வரும். லும்மா என்ற இன்ஃபோஸ்டீலரின் கட்டமைப்பை 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டு விசாரணை அமைப்புகளும் சேர்ந்து முடக்கின. அந்த அளவுக்கு அது பரவியிருந்தது.

நம் வீட்டுக்கு எந்த வழியில் வருகிறது

அசோக் நகரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பாடக்குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றப் பார்த்திருக்கிறார். இலவச மாற்றி ஒன்றைத் தேடிப் போன பக்கத்தில் பெரிய பச்சை 'டவுன்லோட்' பட்டன். உண்மையில் அது விளம்பரம். நிஜமான இணைப்பு அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது. "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னுதான் தம்பி அழுத்தினேன், வேற ஒண்ணும் பண்ணல" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரில் நான் பார்த்த வரிசையையே சொல்கிறேன், நீங்களும் அப்படியே பாருங்கள். குரோமில் வலது மேல் மூலையின் மூன்று புள்ளியை அழுத்தி, பிரௌசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன புரோகிராம்கள் இருக்கும் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதிக்குப் போனேன். அவருக்கே தெரியாத ஒரு 'பிடிஎஃப்' எக்ஸ்டென்ஷன் இருந்தது. அதன் 'டீடெய்ல்ஸ்' உள்ளே, எல்லா வெப்சைட்களிலும் உள்ள உங்கள் எல்லா டேட்டாவையும் படிக்கவும் மாற்றவும் முடியும் என்ற அனுமதி. அந்த எல்லா வெப்சைட்களில் அவருடைய பென்ஷன் வரும் பேங்க்கும் அடக்கம் என்றபோது டீச்சர் முகமே மாறிவிட்டது. அதை நீக்கிவிட்டு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனேன். 'அலவ்' பட்டியலில் பெயரே கேள்விப்படாத தளங்கள் வரிசையாக இருந்தன. திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது' என்று குதித்ததெல்லாம் அங்கிருந்து வந்தது. அத்தனையையும் நீக்கினேன். அதன்பின் விண்டோஸ் செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பகுதியைத் திறந்து, நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்தினேன். அந்த மாற்றி நிறுவிய அதே தேதியில் கூடவே இரண்டு புரோகிராம்கள் ஏறியிருந்தன. தேதி வரிசை கொடுக்கும் இந்தத் தடயத்தை எந்த ஸ்கேனரும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறிக் கெட்டுப்போவது உண்டு. லட்சக்கணக்கானோர் வைத்திருந்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020-இல் வேறொருவருக்கு விற்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. அதனால் பயன்படுத்தாத எக்ஸ்டென்ஷன் எதையும் வைத்திருக்காதீர்கள்.

அடுத்த வழி கிராக் சாஃப்ட்வேர். காசு கொடுக்காமல் போட்டோஷாப், ஆபீஸ், சில நேரம் விண்டோஸே. அதோடு வரும் குறிப்பில் 'முதலில் ஆன்டிவைரஸை நிறுத்துங்கள்' என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரியைப் பார்த்ததும் ஃபைலை அழித்துவிடுங்கள். ஆபீஸுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் இலவசம், தமிழும் நன்றாக வேலை செய்கிறது.

ஜெராக்ஸ் கடைக்குப் பிரிண்ட் எடுக்கக் கொண்டுபோகும் பென் டிரைவும் ஒரு வழி. வீட்டுக்கு வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். அந்த ஷார்ட்கட்டைத் திறக்கக் கூடாது, திறந்தால்தான் உள்ளே ஏறும். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் மறைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' தேர்ந்தெடுத்தால் பல நேரம் தெரியும். பென் டிரைவ் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்த பிறகே எதையும் தொடுங்கள்.

புதிதாக ஒன்று பரவுகிறது. 'நான் ரோபோ இல்லை' என்று ஒரு பக்கம் கேட்கும். டிக் செய்தால், 'விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்' என்று சொல்லும். அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் காப்பி செய்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே ஓடவிடும் வேலை அது. எந்த நிஜமான தளமும் இப்படிக் கேட்காது. வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இதை அவசியம் சொல்லிக் கொடுங்கள். விளையாட்டு ஃபைல் தேடிப் போகும் இடங்களில் இது வருகிறது.

'இன்று இரவு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்ற போலி ஈபி மெசேஜ் சென்னையில் பலருக்கும் வந்திருக்கும். அதில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டால், தூரத்திலிருந்தே உங்கள் திரையைப் பார்த்து இயக்க உதவும் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்வார்கள். எனிடெஸ்க் சரியான மென்பொருள்தான், நானே பயன்படுத்துகிறேன். நீங்களாகக் கூப்பிட்ட, உங்களுக்கு முகம் தெரிந்த ஆளுக்கு மட்டும் எனிடெஸ்க் காட்டும் எண்ணைக் கொடுங்கள்.

எந்த மென்பொருள் வாங்குவது

என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: பெரும்பாலான வீடுகளுக்கு எதுவும் வாங்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே போதும், ஆனால் அது முழுசாக ஓட வேண்டும். 2004 டிசம்பரில் ஜயன்ட் கம்பெனி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது கிடைத்த உளவு மென்பொருள் நீக்கியிலிருந்து வளர்ந்தது அது. விண்டோஸ் 8-இலிருந்து முழு ஆன்டிவைரஸாக இருக்கிறது. 'ஃப்ரீயா வர்றது என்ன பெரிசா காப்பாத்தும்' என்ற எண்ணத்தை விட்டுவிடலாம்.

ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறங்கள். 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன்' உள்ளே 'மேனேஜ் செட்டிங்ஸ்'. ரியல் டைம் புரொடெக்ஷன், கிளவுட் புரொடெக்ஷன், டேம்பர் புரொடெக்ஷன் மூன்றும் ஆனில் இருக்க வேண்டும். அதே பக்கத்தில் அடியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. யாரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. புதிதாக ஒரு வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கே சேர்த்த ஃபோல்டரை டிஃபெண்டர் தொடவே தொடாது. வாசலில் நிற்கும் செக்யூரிட்டியிடம் 'அவர் நம்ம ஆளு, எப்ப வந்தாலும் விட்ருங்க' என்று சொல்லி வைத்த மாதிரி. ஒரு வாடிக்கையாளர் கடையில் அசெம்பிள் செய்து வாங்கி வந்த கம்ப்யூட்டரில் சி டிரைவ் முழுதும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தது. கிராக் விண்டோஸை ஓட வைக்கக் கடைக்காரர் செய்த வேலை. டிஃபெண்டர் பச்சை டிக் காட்டிக்கொண்டிருந்தது, உள்ளே எதையும் பார்க்கவில்லை. உங்கள் பட்டியலில் நீங்களாகச் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்குங்கள்.

பிறகு 'ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல்' உள்ளே 'ரெபுடேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்'. அங்கே தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் ஸ்விட்ச் இருக்கும். டீச்சர் வீட்டுக்கு வந்த மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் சரக்கை நிறுத்துவது அதுதான். சந்தேகம் வந்தால் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழுவதற்கு முன்பே தேடும்; ஒளிந்திருப்பதும் அப்போது சிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும்.

துணைக்கு ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு. அது பின்னணியில் ஓடாது, நீங்கள் கேட்கும்போது மட்டும் ஸ்கேன் செய்யும், டிஃபெண்டரோடு மோதாது. பிரௌசர் குப்பைக்கு அவர்களுடைய ஆட்வ்கிளீனர் நல்லது. எப்போதும் ஓடும் ஆன்டிவைரஸ் இரண்டைச் சேர்த்துப் போடவே கூடாது. நம் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் நடத்தும் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கும்.

காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும் என்றால், வீட்டிலிருந்தே வியாபாரக் கணக்கு பார்ப்பவர்கள், பல கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க நினைப்பவர்கள் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குயிக் ஹீல் எல்லாம் நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும். கடைக்காரர் எதைத் தூக்கி வைக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். விற்பனை லாபம் அதில் கலந்திருக்கும். ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் இரண்டும் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு மூன்றுக்கும் தலா 6 புள்ளி தரும். ஒரு தடவை வந்த முடிவை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய சில முடிவுகளையும் பாருங்கள். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் வேகத்துக்கான புள்ளியைக் கட்டாயம் பாருங்கள். முதல் வருட விலையை விட இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலை எவ்வளவு என்று கேளுங்கள். புது லேப்டாப்போடு வந்த டிரயல் ஆன்டிவைரஸ் காலாவதியாகிக் கிடந்தால் அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள், டிஃபெண்டர் தானாக வந்துவிடும்.

பாதுகாப்பு நிறுவனம் உங்கள் தகவலை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். அவாஸ்ட் தன் பயனர்களின் பிரௌசிங் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024-இல் அமெரிக்காவின் நுகர்வோர் நலன் காக்கும் எஃப்டிசி அமைப்பு அதன் மேல் 1.65 கோடி டாலர் செலுத்தும் உத்தரவு போட்டது. உளவைத் தடுக்கப் போட்ட மென்பொருளே உளவு பார்த்தது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்ஸ்டால் செய்யும்போது 'டேட்டா ஷேரிங்' பற்றிய டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு அப்டேட் வந்தாலும் விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அது அடைக்காது. 11-க்கு மாற முடியாத பழைய சிஸ்டத்தில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுக்கிறேன். மெயில், யூடியூப், பேங்க் மட்டும் பார்க்கும் பெரியவர்கள் சுலபமாகப் பழகிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் தொடும் கம்ப்யூட்டரில் அவர்களுக்குத் தனியாக 'ஸ்டாண்டர்டு' அக்கவுண்ட் போடுங்கள். பெரும்பாலான மென்பொருளை நிறுவ உங்கள் பாஸ்வேர்டு கேட்கும்.

ஏற்கெனவே போய்விட்டது என்று தெரிந்தால்

நெட் கேபிளைக் கழற்றுங்கள் அல்லது வைஃபையை நிறுத்துங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், புதியதும் கையோடு போய்விடும். செல்போனிலிருந்து முதலில் மெயில், பிறகு பேங்க். மாற்றியதோடு நிறுத்தாமல் எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக் அவுட் கொடுங்கள். திருடிய குக்கி அப்போதுதான் செல்லாமல் போகும். பணம் போயிருந்தால் பேங்க்கையும், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐயும் உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்த வாய்ப்பு.

இன்ஃபோஸ்டீலர் வந்த கம்ப்யூட்டரை நான் சுத்தம் செய்து திருப்பித் தருவதில்லை, ஃபார்மேட்தான். போட்டோ, டாக்குமென்ட் மட்டும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, திரும்பப் போடும் முன் ஸ்கேன் செய்யுங்கள். பழைய செட்டப் ஃபைல் ஒன்றைக்கூடத் திரும்பக் கொண்டுவராதீர்கள், பிரிண்டர் டிரைவர் உட்பட. எல்லாவற்றையும் அந்தந்த நிறுவனத் தளத்திலிருந்து புதிதாக இறக்குங்கள். விண்டோஸையும் வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கி பென் டிரைவில் ஏற்றலாம், செலவில்லை. ஒரிஜினல் விண்டோஸோடு வந்த லேப்டாப் என்றால் நெட் இணைத்ததும் லைசென்ஸ் பெரும்பாலும் தானாக வந்து உட்காரும். கடையில் கீ வாங்கச் சொன்னால் வாங்குவதற்கு முன் அதைச் சரிபாருங்கள்.