பிளாஸ்டிக் சரக்கை ரயிலில் ஏற்றும் புதியவர்களுக்கு

எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த தம்பி போன வாரம் ஃபார்வர்டிங் நோட்டில் (ரயில்வேக்குச் சரக்கு விவரம் தரும் படிவம்) "பிளாஸ்டிக் குருணை" என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே இருந்தது தெர்மோகோல் மணி. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே இரண்டு சொற்கள்! புதியவர்கள் செய்யும் இப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். பெட்டியின் முத்திரை (சீல்) எண்ணை மாற்றி எழுதுவது போன்ற சின்னத் தவறுகள் இரண்டாவது மாதத்தில் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

குருணை எல்லாம் ஒன்றல்ல

பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் குருணைகள் 25 கிலோ பைகளில் போகும் சாதுவான சரக்கு. தெர்மோகோலுக்கான விரிவடையும் பாலிஸ்டைரீன் மணியும் பார்வைக்கு ஜவ்வரிசி மாதிரிதான் இருக்கும். ஆனால் அதை உப்பவைக்கும் பென்டேன் மணிக்குள்ளேயே இருக்கிறது. அதன் கொதிநிலை 36 டிகிரி. சித்திரை வெயிலில், மூடிய இரும்புக் கன்டெய்னர் பெட்டிக்குள் மெல்லக் கசிந்து, காற்றைவிடக் கனமானதால் தரையோடு படுத்துக்கிடக்கும். ஒரு பொறி போதும். இதன் ஐ.நா. எண் 2211, ஒன்பதாம் வகுப்பு ஆபத்தான சரக்கு.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் தப்பாக எழுதியது, சென்னைத் துறைமுகத்திலிருந்து பெங்களூரு ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் முனையத்துக்குப் போன பெட்டிக்கு. இன்வாய்ஸில் "பாலிஸ்டைரீன்" என்றிருந்தது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அங்கே கதவைத் திறந்ததும் பெட்ரோல் போன்ற வாடை. காதில் பீடி செருகியிருந்த சுமைதூக்கும் அண்ணன் உள்ளே கால் வைக்கப் போனார். மேற்பார்வையாளர் கத்தித் தடுத்தார். பிறகு பதினோரு நாள் பெட்டி ஓரத்தில் நின்றது. நிலவாடகை, பெட்டி வாடகை இரண்டும் என் தலையில். வாடிக்கையாளரும் போனார். 1989 ரயில்வே சட்டத்தின் 163-ஆவது பிரிவு, பொய்யான சரக்கு விவரத்துக்குக் குவிண்டாலுக்கு (100 கிலோ) 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. 15 டன்னுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 75,000. எனக்கு இன்றும் கண்ணில் நிற்பது அந்தப் பீடிதான்.

எரிச்சல் என்னவென்றால், இதைத் தவிர்க்க ஒரு நிமிடம் போதும். சரக்கோடு விற்பனையாளர் தர வேண்டிய பாதுகாப்புத் தரவுத் தாளின் (SDS) 14-ஆவது பகுதியில் போக்குவரத்து விவரம் இருக்கிறது. சுங்க எண்ணும் காட்டிக்கொடுக்கும்: விரிவடையும் மணி 390311, மற்ற பாலிஸ்டைரீன் 390319. "எல்லாம் பிளாஸ்டிக்தான் சார்" என்று சொல்லும் விற்பனையாளர் தாளை அனுப்பும்வரை பெட்டியைத் தொடாதீர்கள். கதவைத் திறந்து நன்றாகக் காற்றாட விட்ட பிறகே ஆள் ஏற வேண்டும் என்பதை இறக்கும் இடத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

ஓட்டை டப்பா

சரக்கு ஏற்றும் முன் காலிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு கதவைச் சாத்தச் சொல்லுங்கள். எங்காவது வெளிச்சம் தெரிந்தால் ஓட்டை இருக்கிறது, அந்தப் பெட்டி வேண்டாம்.

ஓடும் நாளை மட்டும் எண்ணுவது

45 வேகன் ரேக்கில் (ஒரு முழுச் சரக்கு ரயில்) 90 இருபதடிப் பெட்டிகள் ஏறும். அத்தனையும் சேரும்வரை உங்கள் பெட்டியும் காத்திருக்கும்.

இரட்டை அடுக்கு மோகம்

2021 ஜனவரியில் சரக்கு ரயில்களுக்கென்றே போட்ட மேற்குச் சரக்கு வழித்தடத்தில் மின்சார இன்ஜின் இழுக்கும் இரட்டை அடுக்குக் கன்டெய்னர் ரயில் ஓடியதிலிருந்து, அந்தச் சிக்கனக் கணக்கை எல்லா ஊருக்கும் போடுகிறார்கள். அங்கே அதற்கென்றே மின்கம்பியை உயரத்தில் கட்டினார்கள். குஜராத்திலிருந்து சென்னைக்கு வரும் குருணை இன்னும் ஒற்றை அடுக்கில்தான் வருகிறது. வாடிக்கையாளரிடம் விலை சொல்லும் முன் வழித்தட வரைபடத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.