மொபெட்டுக்குக் குறைந்த செலவில் இன்சூரன்ஸ்: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

மொபெட்டுக்கு இன்சூரன்ஸ் தேடுகிறவர்கள் எடுத்ததுமே கேட்பது "எது ரொம்பக் கம்மி?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் உங்கள் வண்டிதான் விலை குறைந்தது, அது இடிக்கக்கூடியவை அப்படியில்லை. 50 சிசி வண்டியே ஆனாலும் நடந்து போகும் பெரியவர் ஒருவரை இடித்து, அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அந்த மருத்துவச் செலவும் இழப்பீடும் உங்கள் மொபெட்டைப் போலப் பல வண்டிகள் வாங்குமளவுக்குப் போய்விடும். அதனால்தான் அடுத்தவருக்கு நேரும் சேதத்தை ஏற்கும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸைப் பல நாடுகள் கட்டாயம் ஆக்கியிருக்கின்றன. அதில் கை வைக்காதீர்கள். மிச்சம் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில், உங்கள் வண்டி சட்டத்தின் கணக்கில் எந்த வகையில் வருகிறது என்று பதிவுச் சான்றை எடுத்துப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் பெட்ரோல் மொபெட் என்றால் 50 சிசிக்கு மிகாமல், மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். இந்தியாவில் மொபெட் என்ற பெயருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது, தேர்டு பார்ட்டி பிரீமியம் இன்ஜின் அளவைப் பொறுத்தது: 75 சிசி வரை ஒரு படி, அதைத் தாண்டினால் 150 சிசி வரை அடுத்த படி. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் 70 சிசிக்குள் அடங்குவதால் கீழ்ப் படியில் நிற்கும், எல்லோரும் மொபெட் என்றே சொல்லும் எக்ஸ்எல் 100 மேல் படிக்குப் போய்விடும். மின்சார வண்டிக்கு வேறு கணக்கு. இந்தியாவில் மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் அது மோட்டார் வாகனமாகவே எண்ணப்படாது, பதிவும் கட்டாய இன்சூரன்ஸும் தேவையில்லை. இது தெரியாமல் காசு கட்டுகிறவர்களும் உண்டு, தெரிந்ததாக நினைத்துக்கொண்டு வேகமான மின்சார வண்டியை இன்சூரன்ஸே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

வண்டியின் வேகத்தை மட்டுப்படுத்தும் பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. கழற்றிய நிமிடமே அது மொபெட் வகையிலிருந்து வெளியே போய்விடுகிறது, மொபெட் என்று சொல்லி எடுத்த பாலிசி விபத்து நடக்கும் நாளில் கைகொடுக்காமல் போகலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு எவ்வளவு மலிவாக இன்சூரன்ஸ் கிடைத்தாலும் அது தண்டச் செலவுதான்.

சரி, இப்போது உங்கள் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்துக்கு வருவோம், பணம் மிச்சமாவதும் வீணாவதும் பெரும்பாலும் இங்கேதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் மொபெட்டின் இன்றைய மதிப்பு 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக் காப்பீடு எடுக்க வருடத்துக்குக் கூடுதலாக 9 பங்கு கேட்கிறார்கள், ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 10 பங்கை நீங்களே ஏற்க வேண்டும். கண்ணாடி உடைந்தது, இண்டிகேட்டர் தெறித்தது, மட்கார்டு நசுங்கியது, எல்லாம் சேர்ந்து 12 பங்கு செலவு. கம்பெனி தருவது 2 பங்கு. அந்த 2 பங்குக்காகக் கிளெய்ம் போட்டால் அடுத்த வருட நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாமல் இருப்பதற்காகக் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். ஆக, 9 பங்கு கட்டியும் சின்னச் சேதத்துக்கு அது உதவாது; வண்டி திருடுபோனாலோ முழுக்க நொறுங்கினாலோதான் உதவும். உங்களுக்கு உண்மையில் பயம் திருட்டுதான் என்றால், தேர்டு பார்ட்டியோடு தீயும் திருட்டும் மட்டும் சேர்ந்த பாலிசி கிடைக்கிறதா என்று கேளுங்கள், பல இடங்களில் அப்படி ஒரு நடுவழி இருக்கிறது. பழைய வண்டி, போனால் போகட்டும் என்று இருக்க முடியும் என்றால் தேர்டு பார்ட்டி மட்டும் போதும் என்பது என் கருத்து. புது வண்டி, அதுவும் கடனில் வாங்கியது என்றால் முழுக் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கடன் கொடுத்தவரே கேட்பார்.

ஆனாலும் மூன்று வகைக்குமே விலை கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் சில சமயம் முழுக் காப்பீடே தேர்டு பார்ட்டியை விட மலிவாகக் கிடைப்பதுண்டு. குறைந்த காப்பீட்டைத் தேடி எடுப்பவர்களில் அதிகம் கிளெய்ம் போடுகிறவர்கள் சேர்ந்துவிடுவதால் அந்த வகைக்குக் கம்பெனிகள் விலையை ஏற்றிவிடுகின்றன. இந்தியாவில் நிலைமை நேர்மாறு. தேர்டு பார்ட்டியின் அடிப்படை பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே தொகைதான், தள்ளுபடிக்கு இடம் இருப்பது சொந்தச் சேதப் பகுதியில் மட்டும். "எங்களிடம் தேர்டு பார்ட்டி மலிவு" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் உஷாராகுங்கள்.

விலையை ஒப்பிடும்போது ஒரே நாளில் நாலைந்து இடத்தில் கேளுங்கள், எல்லா இடத்திலும் ஒரே வண்டி மதிப்பு, நீங்கள் ஏற்கும் தொகையும் ஒன்றே என்று வைத்துக் கேளுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிட்டால் ஏமாறுவது உறுதி. ஒரு கம்பெனி 20 சதவீதம் மலிவாகத் தெரியும், பாலிசி விவரத்தைத் திறந்து பார்த்தால் வண்டியின் மதிப்பை அவர்களாகவே கால்வாசி குறைத்துப் போட்டிருப்பார்கள். வண்டி திருடுபோனால் கையில் வருவது அந்தக் குறைந்த தொகைதான். இணையத்தில் கிடைத்த மிகக் குறைந்த விலையை வைத்துக்கொண்டு கடைசியாக ஒரு ஏஜென்ட்டிடம் பேசுங்கள், சில நேரம் அவர் இன்னும் கொஞ்சம் இறக்கித் தருவார்.

விண்ணப்பத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விலையை ஏற்றவோ இறக்கவோ செய்யும். இரவில் வண்டி தெருவில் நிற்கிறதா, பூட்டிய இடத்திலா? வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓடும்? நல்ல பூட்டு இருக்கிறதா? உண்மையைச் சொல்லியே குறைக்க முடியும் என்றால் தாராளமாகக் குறையுங்கள். பக்கத்துக் கடைக்கும் ரயில் நிலையத்துக்கும் மட்டும் போகும் வண்டிக்கு நீண்ட தூரத்தைச் சொல்லிக் கூடுதலாகக் கட்ட வேண்டியதில்லை. இரண்டு பொய்கள் மட்டும் வேண்டாம். ஒன்று, மகன் தினமும் ஓட்டும் வண்டியை அப்பா ஓட்டுவதாகக் காட்டுவது. இளம் வயதுக்கு பிரீமியம் அதிகமாகும் இடங்களில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது, கண்டுபிடித்தால் மோசடி. இன்னொன்று, சாப்பாடோ பார்சலோ டெலிவரி செய்துகொண்டே சொந்த உபயோகம் என்று எழுதுவது. அதற்கு வேறு பாலிசி, விலை அதிகம்தான், ஆனால் வேறு வழியில்லை.

பாலிசியோடு கூடுதல் காசு கட்டி எடுக்கும் சேர்ப்புகளை நான் பெரிதாக மதிப்பதில்லை. ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தருவது), சாலையோர உதவி எல்லாம் விலையுயர்ந்த வண்டிக்குச் சரி, மொபெட்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. தனிநபர் விபத்துக் காப்பீடு அப்படியில்லை, இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு அது அவசியம், ஆனால் வேறு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் இதிலும் எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். முடிந்தால் மொத்தமாகக் கட்டுங்கள், தவணையில் பெரும்பாலும் வட்டி ஒளிந்திருக்கும்.

புதுப்பிக்கும்போது பழைய கம்பெனி அனுப்பும் தொகையை அப்படியே கட்டிவிடாதீர்கள். பழைய வாடிக்கையாளருக்கு விலையை மெல்ல ஏற்றிக்கொண்டே போவது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், பிரிட்டனில் 2022 ஜனவரி 1 முதல் அதைத் தடை செய்ய வேண்டி வந்தது. மற்ற இடங்களில் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கெடு முடியும் முன்பே தேடத் தொடங்குங்கள், இந்தியாவில் பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்த்து வைத்த போனஸ் முழுதும் காலி.

பாலிசி கைக்கு வந்ததும் சேசிஸ் எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 8 இருக்க வேண்டிய இடத்தில் 'பி' விழுந்திருக்கும், பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 'ஓ' இருக்கும். அன்றே சொன்னால் எளிதாகத் திருத்திவிடலாம், விபத்துக்குப் பின் சொன்னால் இழுத்தடிப்பார்கள். தெரியாத ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாலிசி என்றால், அதில் இருக்கும் எண்ணை நம்பாமல் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து எண் எடுத்துக் கூப்பிட்டு, இந்தப் பாலிசி உண்டா என்று கேளுங்கள்.

ஒருநாள் இந்த மொபெட்டை விற்பீர்கள். இந்தியாவில் நோ கிளெய்ம் போனஸ் உரிமையாளருக்குத்தான் சொந்தம், வண்டியோடு போகாது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி சேர்ந்திருக்கும். அதற்கான கடிதத்தைக் கம்பெனியிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு அதைக் காட்டலாம்.