சேறு அள்ளப் போகும் சபை வாலிபர்களுக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டி ஸ்ரீவைகுண்டம், ஏரல் என்று ஊருக்குள் புகுந்துவிட்டது. அன்றைக்கே எங்கள் வாலிபர் ஐக்கிய வாட்ஸ்அப் குழுவில் "இப்பவே வண்டி எடுத்துட்டுக் கிளம்பலாம்" என்று வரிசையாகப் போட ஆரம்பித்துவிட்டார்கள். நல்ல மனசுதான், ஆனால் அன்று கிளம்பியிருந்தால் உடைந்த ரோட்டில் நாங்களும் மாட்டிக்கொண்டு, மீட்க வேண்டியவர்கள் கணக்கில் ஒரு வேன் கூடியிருக்கும். தண்ணீர் நிற்கும் நாட்கள் மீட்புப் படைக்கும் படகு வைத்திருக்கும் மீனவர்களுக்கும் உரியவை. சபைக் குழுவுக்கு வேலை வருவது தண்ணீர் வடிந்து, வீட்டுக்குள் முழங்கால் அளவு சேறு நிற்கும்போது. அந்த நேரத்தில் டிவிக்காரர்கள் போயிருப்பார்கள், ஆள் பலம்தான் பெரிய தேவையாக இருக்கும். நாங்கள் கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்த மறுநாள் ராத்திரி கிளம்பினோம்.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம், அந்த ஊர்ச் சபையைக் கவனிக்கும் உபதேசியாருக்கோ குருவானவருக்கோ போன் பண்ணுவது. "என்ன கொண்டு வரட்டும்" என்று கேட்காதீர்கள், கூச்சப்பட்டு "எதுனாலும் சரிங்க தம்பி" என்பார்கள். "எங்களிடம் 14 பேர் இருக்கிறோம், மூன்று நாள் நிற்போம், எந்த வீட்டில் ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறார்கள், நாங்கள் எங்கே படுத்துக்கொள்ளலாம், குடிதண்ணீர் இருக்கிறதா" என்று குறிப்பாகக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கோ வார்டு உறுப்பினருக்கோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். யாரும் கூப்பிடாத ஊருக்குப் போகாதீர்கள். இதில் நான் ரொம்பப் பிடிவாதமாக இருப்பேன். கூப்பிட ஆள் இருந்தால்தான் மெயின் ரோட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் தெருவும் உங்களுக்குத் தெரியவரும். நிவாரண வண்டிகள் எல்லாமே ரோட்டோரத்து ஊரிலேயே காலியாகிவிடுவதை கஜா புயலுக்குப் பிறகும் பார்த்தோம்.

பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் உங்களுக்குச் சாப்பாடு போடுவதே அந்த ஊருக்குப் பெரிய வேலை. குழுவில் ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு நர்ஸ், லைட் வண்டி ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர், அப்புறம் கட்டாயமாக நாலைந்து பெண்கள். ஒரு அக்காவுக்கு நாப்கின் வேண்டும், மாற்று உள்ளாடை இல்லை என்பதை அவர் பையன்களிடம் சொல்லவே மாட்டார். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கூட்டிப் போவதானால் பெற்றோர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அந்த ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடினாலும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாலும் பெரியவர்கள் இரண்டு பேராக, திறந்த இடத்தில் இருங்கள். நம் ஆட்கள் நல்லவர்கள் என்பதற்காக இதில் தளர்வு கொடுக்கக் கூடாது.

பணம். போக்குவரத்து, சாப்பாடு இரண்டும் குழுவின் சொந்தச் செலவு. காணிக்கையாகச் சேர்ந்த தொகை முழுக்கப் பாதிக்கப்பட்டவர்களுக்கு. இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதி, திரும்பி வந்ததும் ஞாயிறு அறிவிப்பில் வாசித்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்கள் சபைக்கு அனுப்ப நினைத்தால், எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு உள்ள கணக்கில்தான் வாங்க முடியும். யாரோ ஒருவரின் ஜிபே நம்பரைக் கொடுத்து வாங்கிவிடாதீர்கள், நம் சபைகளுக்கு மேலே இருக்கும் திருமண்டல அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

பழைய துணி எடுத்துப் போகாதீர்கள். நாங்கள் பதினொரு மூட்டை கொண்டுபோனோம். அதில் பித்தான் இல்லாத சட்டைகள், ஜரிகை கிழிந்த பட்டுப் பாவாடை, ஒற்றைக் கால் சாக்ஸ்கூட இருந்தது. ஒரு அம்மா ஒரு சேலையை எடுத்து விரித்துப் பார்த்தார், நடுவில் பெரிய இஸ்திரி சூட்டுக் கறை. ஒன்றுமே சொல்லாமல் மடித்து மூட்டையிலேயே வைத்துவிட்டார். அந்த மடித்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சுனாமியின்போது நாகப்பட்டினத்தில் ரோட்டோரம் மலைபோல் பழைய துணி கிடந்ததைப் பேப்பரில் பார்த்திருந்தும் அதே தப்பைச் செய்தோம். புது நைட்டி, புதுக் கைலி, பாய், போர்வை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், நாப்கின், கொசுவர்த்தி, அடுப்புக்கு லைட்டர், இவை போதும். அதையும் கேட்டுவிட்டு, பக்கத்தில் வெள்ளம் வராத ஊர்க் கடையில் வாங்குங்கள், அந்த வட்டாரத்து வியாபாரிக்கும் நாலு காசு சேரும்.

உங்களுக்கு வேண்டியவை: கம்பூட்ஸ், தடிமனான கையுறை, ஆளுக்கு ஒரு தொப்பி, டார்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு ரொம்ப நாளாகியிருந்தால் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள், ஏனென்றால் சேற்றுக்குள் துருப்பிடித்த தகரமும் கண்ணாடியும் கண்ணுக்குத் தெரியாது. மம்பட்டி, பாண்டுச் சட்டி, வைப்பர், தென்னந்துடைப்பம், வாளி, பிளீச்சிங் பவுடர் எல்லாம் சொந்தமாகக் கொண்டு போங்கள். அங்கே போய் இரவல் கேட்டால், அந்த வீட்டுக்காரர் தன் வீட்டு வேலையை நிறுத்திவிட்டு மம்பட்டியை உங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். வீட்டுக்குள் நுழையும் முன் மெயின் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். கரண்ட் வந்துவிட்டது என்பதற்காக ஃபேன் போடுவது, மோட்டார் போடுவது எல்லாம் கூடாது. அடுத்து, கம்பால் தட்டிக்கொண்டே உள்ளே போங்கள். பாத்திரத்துக்கு அடியிலும் சுருட்டிய பாய்க்குள்ளும் பாம்பு ஒதுங்கியிருக்கும். கடி பட்டால் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது ஒன்றும் வேண்டாம், அசையாமல் வைத்து நேரே 108. சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும், மறுபடி தண்ணீர் ஊற்றி ஊற வைக்க வேண்டியிருக்கும். உள்ளறையில் ஆரம்பித்து வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கு ஆள் கை மாற்றி பாண்டுச் சட்டியைக் கடத்தினால் முதுகு தாங்கும். அள்ளியதை வாய்க்காலில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் அதே தெருவுக்குள்தான் திரும்பும். எங்கே கொட்டலாம் என்று பஞ்சாயத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவி முடித்தபின் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் தெளித்து, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அதில் வேறு எந்த பினாயிலையும் ஆசிட்டையும் கலக்காதீர்கள், வரும் புகை மூச்சை அடைத்துவிடும்.

எந்தப் பொருளையும் வீட்டுக்காரரைக் கேட்காமல் குப்பையில் போடாதீர்கள். நமக்கு அது ஊறிப்போன அட்டைப்பெட்டி. ஏரல் பக்கம் ஒரு வீட்டில் பீரோவை நகர்த்தும்போது அடித்தட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் விழுந்தது. உள்ளே பத்திரம், ரேஷன் கார்டு, பிள்ளையின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், எல்லாம் ஒட்டிப் போயிருந்தன. எங்கள் நர்ஸ் அக்கா அவசரப்படாமல் ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் செய்தித்தாளைக் கொடுத்து, வெயிலில் நேராகக் காய வைக்காமல் நிழலில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். சாயந்தரத்துக்குள் எழுத்து படிக்கும்படி இருந்தது. மூன்று நாளில் நாங்கள் செய்த வேலையில் அந்த வீட்டார் இன்றும் பேசுவது அதைப் பற்றித்தான்.

இன்னொன்று, மனம் விட்டுச் சொல்கிறேன். அரிசிப் பையோடு சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்காதீர்கள். "வாங்க ஜெபம் பண்ணலாம், அப்புறம் பொருள் தருவோம்" என்பது நம் ஆண்டவருக்கே அவமரியாதை. காயல்பட்டினம் முஸ்லிம்கள் நிறைய வாழும் ஊர், மற்ற ஊர்களிலும் தெருவில் நாலு வீடு நம்முடையது என்றால் நாற்பது வீடு மற்றவர்களுடையது. வீடுகளின் பட்டியல் போடும்போது வயதானவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், கைக்குழந்தை உள்ளவர்கள் என்ற வரிசையில் போடுங்கள், சபை அங்கத்தினரா என்று பார்க்காதீர்கள். உங்கள் ஜெபத்தைக் காலையில் தங்கும் இடத்தில் முடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். யாராவது தாமாக "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றால் உட்கார்ந்து நிதானமாகப் பண்ணுங்கள்.

வேன் முன்னால் பேனர் வேண்டாம். பொருள் வாங்குகிறவர் முகம் தெரிய போட்டோ வேண்டாம், கணக்குக்கு ரசீதும் கையெழுத்தும் போதும். அந்த மக்கள் ஒன்றும் கையேந்தி நின்றவர்கள் கிடையாது. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோன திருச்செந்தூர் ரயிலில் சிக்கியவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தது சுற்றுவட்டாரக் கிராமத்துக்காரர்கள்தான்.

திரும்பிய ஒரு வாரத்தில் உபதேசியாருக்குப் போன் போடுங்கள். ஜனவரியில் நாங்கள் பேசியபோது, பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பிள்ளைகளுக்குப் பை இல்லை, இரண்டு வீட்டில் தையல் மெஷின் மோட்டார் போய்விட்டது என்றார். மறுபடி போனவர்கள் ஆறே பேர், ஒரு காரில், ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு.