சகுரா அடுக்கு: இரண்டு நிறத்தில் மூன்றாவது நிறம்

ஜப்பானின் ஹெய்யான் காலத்தில் (794–1185) அரசவை உடைகளின் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நிறம் சேர்க்கும் முறைக்கு ‘கசானே நோ இரோமே’ என்று பெயர். பருவத்துக்கேற்ற பூ, இலைகளின் பெயர்கள் இந்தச் சேர்க்கைகளுக்கு உண்டு. பழகிப் பார்க்கச் சுலபமானது சகுரா, அதாவது செர்ரிப் பூ: மேலே வெள்ளை, அடியில் சிவப்பு. பட்டு மெல்லியது என்பதால் சிவப்பு கசிந்து இளஞ்சிவப்பாகத் தெரியும்.

காகிதத்தில் செய்ய, அடர்சிவப்புத் தாளின் மேல் வாஷி எனப்படும் மெல்லிய வெள்ளை ஜப்பானியத் தாளை வையுங்கள். மேல்தாளை ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். அந்த ஓரத்தில் எட்டிப்பார்க்கும் சிவப்புக் கோடுதான் மொத்த அழகும். கோடு அகலமானால் கண் அங்கேயே நின்றுவிடும், நடுவில் உள்ள மென்மை எடுபடாது. தடித்த தாள் வேண்டாம். சிவப்பு தெரியாமல் வெறும் வெள்ளையாகிவிடும். பசையும் ஓரங்களில் மட்டும் போதும். முழுக்கத் தடவினால் திட்டுத்திட்டாகத் தெரியும்.

கணினியில் என்றால் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 60 என்று அடிநிறம் வைத்து, அதன்மேல் 75 சதவீத அடர்த்தியில் வெள்ளை போடுங்கள். ஏறக்குறைய 241, 201, 206 வரும். நேரடியாக இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுத்தாலும் இதே நிறம் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும்தான், ஆனால் ஓரக்கோட்டின் சிவப்பைத் தனியாக ஊகிக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் அது ஒட்டாது.

நீர்வண்ணத்தில் இதை முயலாதீர்கள். பல சிவப்புகள் காய்ந்த பிறகும் மேலே பூசும் வெள்ளையில் கரைந்து ஏறும்.